கார்ட்டர் குடும்பமும் இரண்டு கிட்டார்க்காரர்களும்: நட்பு ஒன்றுதான், பெயர் ஏன் ஒருவருக்கு மட்டும்?

2025 பிப்ரவரி 2ஆம் தேதி, கிராமி மேடையில் சிறந்த கன்ட்ரி (அமெரிக்கத் தென்பகுதிக் கிராமங்களில் வளர்ந்த இசை) ஆல்பத்துக்கான விருதை பியான்சே வாங்கினார். அந்தப் பிரிவில் கறுப்பினக் கலைஞர் ஒருவர் வென்றது அதுவே முதல் முறை. ஆல்பத்தின் பெயர் 'கவ்பாய் கார்ட்டர்'. இணையத்தில் இரண்டு சண்டைகள் மூண்டன. பாப் பாடகிக்குக் கன்ட்ரியில் என்ன வேலை என்று ஒரு பக்கம். கன்ட்ரியே கறுப்பர்களிடமிருந்து வெள்ளையர்கள் எடுத்துக்கொண்டதுதானே என்று மறுபக்கம். நடுவில் கார்ட்டர் என்ற பெயர் வேறு குழப்பியது.

பெயரை முதலில் தீர்த்துவிடலாம். பியான்சேயின் கணவர் ஜே-ஸியின் குடும்பப் பெயர் கார்ட்டர். கன்ட்ரி இசையின் 'முதல் குடும்பம்' என்று சொல்லப்படும் வர்ஜீனியா மாநிலத்துக் கார்ட்டர்கள் வேறு ஆட்கள். ஆல்பத்தின் தலைப்பு அவர்களையும் சேர்த்தே சுட்டுகிறது என்று பலர் அர்த்தம் எடுத்தார்கள். எடுக்கட்டும், தவறில்லை. ஏனென்றால் அந்த இரண்டு சண்டைகளையும் புரிந்துகொள்ள வர்ஜீனியாக் கார்ட்டர்களின் வீட்டுக்குள் போவதுதான் நல்ல வழி.

அந்த வீட்டில் இரண்டு கிட்டார்க்காரர்கள் வெவ்வேறு காலத்தில் உறவுக்காரர் மாதிரிப் பழகினார்கள். ஒருவர் கறுப்பர், லெஸ்லி ரிடில். மற்றவர் வெள்ளையர், செட் அட்கின்ஸ். இருவரிடமும் குடும்பத்துக்குப் பிரியம் இருந்தது. இருவராலும் குடும்பத்துக்கு லாபமும் இருந்தது. ஆனால் ஒருவர் பெயர் உலகத்துக்கே தெரியும். மற்றவர் பெயர் சுமார் 35 வருடம் அந்த வட்டாரத்துக்கு வெளியே போகவே இல்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கன்ட்ரி என்ற பெட்டி எப்படி உருவானது?

1920இல் ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனம் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் 'கிரேஸி ப்ளூஸ்' பாட்டை வெளியிட்டது. யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு விற்றது. 1923இல் அதே நிறுவனம் அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற வெள்ளையர் வாசித்த கிராமத்து வயலினைப் பதிவு செய்தது. அதுவும் விற்றது. இரண்டு இடத்திலும் நிறுவனத்தின் சார்பில் வேலை பார்த்தவர்களில் ரால்ஃப் பீர் என்ற ஒரே ஆள் இருந்தார். இந்தக் கதையில் அவர் மறுபடி வருவார்.

இந்த இரண்டு விற்பனையையும் பார்த்த நிறுவனங்கள், அமெரிக்காவின் தென்பகுதியில் இரண்டு வகை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்று முடிவு கட்டின. கறுப்பர்களுக்கு 'ரேஸ்' தட்டுகள், வெள்ளைக் கிராமத்தினருக்கு 'ஹில்பில்லி' தட்டுகள். பட்டியல் தனி, விளம்பரம் தனி. 1929இலிருந்து விக்டர் நிறுவனம் தட்டு எண்களையே இரண்டு வரிசையாகப் போட்டது. பில்போர்டு பத்திரிகை 1949இல் இந்தப் பிரிவுகளுக்கு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்', 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று மரியாதையான பெயர் வைத்தது. பெட்டி மாறவில்லை, மேலே ஒட்டிய சீட்டுதான் மாறியது.

வாசித்தவர்கள் அப்படிப் பிரிந்து வாழவில்லை. பான்ஜோ ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்த வாத்தியம். 1930இல் ஹில்பில்லி நட்சத்திரம் ஜிம்மி ராட்ஜர்ஸின் ஒரு பாட்டுக்குக் கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் ட்ரம்பெட் வாசித்தார். கன்ட்ரிப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் கிட்டார் கற்றுக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். இன்னொரு கன்ட்ரிக் கலைஞர் பில் மன்ரோ தன்மேல் பாதிப்பு செலுத்தியவராக ஆர்னால்ட் ஷல்ட்ஸ் என்ற கறுப்பரைச் சொன்னார். எல்லாம் பதிவில் இருக்கும் விஷயங்கள். ஆகவே கறுப்பர் கன்ட்ரிக்குள் எப்போது வந்தார் என்று கேட்பதைவிட, எப்போது பட்டியலில் பெயர் விடுபட்டது என்று கேட்பதுதான் சரி.

வர்ஜீனியாக் கார்ட்டர்கள்

வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், கிளிஞ்ச் மலையடிவாரத்தில், பூர் வேலி என்ற பள்ளத்தாக்கு. பெயருக்கேற்றபடி ஏழை மண். அங்கே மேசஸ் ஸ்பிரிங் என்ற சிற்றூரில் ஏ.பி. கார்ட்டர் (பிறப்பு 1891) இருந்தார். நாற்றுக்கன்று விற்பார், தச்சு வேலை பார்ப்பார், சர்ச்சில் பாடுவார். மனைவி சாரா, கணீரென்ற தாழ்ந்த குரல், ஆட்டோஹார்ப் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பார். சாராவின் உறவுப் பெண்ணான மேபெல் 1926இல் ஏ.பி.யின் தம்பி எஸ்ராவைக் கட்டிக்கொண்டார். எஸ்ராவை வீட்டில் எக் என்பார்கள். மேபெல்லின் வாத்தியம் கிட்டார்.

1927 கோடையில் ரால்ஃப் பீர், இப்போது விக்டர் நிறுவனத்துக்காக, பிரிஸ்டல் என்ற ஊரில் பழைய தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் ஒலிப்பதிவுக் கருவியை இறக்கினார். டென்னசி, வர்ஜீனியா எல்லைக்கோடு அந்த ஊரின் கடைத்தெரு நடுவே ஓடுகிறது. ஆகஸ்ட் 1, 2 தேதிகளில் மூவரும் ஆறு பாட்டுப் பாடினார்கள். மேபெல்லுக்கு அப்போது வயது 18. நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. இரண்டு நாள் கழித்து ஜிம்மி ராட்ஜர்ஸ் அதே அறையில் பாடினார். கன்ட்ரி இசையின் பிறப்பிடம் என்று பிரிஸ்டலைக் கொண்டாடுவது இதனால்தான். அதே பதிவு நாட்களில் எல் வாட்சன் என்ற கறுப்பின ஹார்மோனிகாக்காரரும் அங்கே பதிவானார், வெள்ளையர் ஒருவரின் கிட்டாரோடு சேர்ந்து. கொண்டாட்டப் பேச்சுகளில் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

1927 தொடங்கி 1941 வரை கார்ட்டர் மூவர் பதிவு செய்த பாடல்கள் 250க்கு மேல். ஒரு மலைக்கிராமத்துக் குடும்பத்துக்கு இத்தனை பாட்டு எங்கிருந்து கிடைத்தது? இங்கேதான் பணத்தின் வழியைப் பார்க்க வேண்டும்.

பாட்டு எப்படிப் பணமானது?

1. பிரிஸ்டலில் ஒரு பாட்டுக்கு 50 டாலர். ஆறு பாட்டுக்கு 300 டாலர் கையில் கிடைத்தது. ஏழை மண்ணில் அது பெரிய தொகை. ஆனால் ஒருமுறைதான் வரும்.

2. தொடர்ந்து வரும் பணம் வேறு. 1909ஆம் வருடத்து அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், விற்கும் ஒவ்வொரு தட்டிலும் ஒரு பாட்டுக்கு 2 சென்ட் அந்தப் பாட்டின் உரிமையாளருக்குப் போக வேண்டும் என்றது. இந்த உரிமை பாட்டை 'இயற்றியவர்' என்று பதிவேட்டில் இருப்பவரிடம் தொடங்கி, அவர் எழுதிக்கொடுத்தால் பதிப்பாளரிடம் போகும்.

3. ரால்ஃப் பீர் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். விக்டரிடம் சம்பளத்தைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் பாடல்களின் பதிப்புரிமையைத் தன் கையில் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். 1928இல் சதர்ன் மியூசிக் என்ற பதிப்பு நிறுவனமும் தொடங்கினார். அவருக்குக் கிடைத்ததில் கலைஞருக்கும் ஒரு பங்கு போனது. அந்தக் காலத்தில் கிராமத்துப் பாடகர்களுக்கு அதுகூடக் கொடுத்தவர்கள் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும்.

4. இதனால் ஒரு விசித்திரமான தேவை உருவானது. ஏற்கெனவே வேறொருவர் பெயரில் இருக்கும் பாட்டைப் பாடினால் பீருக்குக் காசில்லை. ஆகவே பழைய பாட்டாக இருக்க வேண்டும், ஆனால் சொந்தம் கொண்டாட ஆள் இருக்கக் கூடாது. அதைக் கொஞ்சம் செதுக்கி, கார்ட்டர் பெயரில் பதிய வேண்டும்.

'வைல்ட்வுட் ஃபிளவர்' நல்ல உதாரணம். 1860இல் அச்சான ஒரு வரவேற்பறைப் பாட்டு, மலைவாசிகள் வாய்வழியாகப் பாடிப் பாடி வார்த்தைகள் தேய்ந்து, அர்த்தம் பாதி மாறி, 1928இல் கார்ட்டர் பாட்டாக வெளியே வந்தது. 'கேன் த சர்க்கிள் பி அன்புரோக்கன்' 1907ஆம் வருடத்துக் கிறிஸ்தவப் பாட்டு ஒன்றின் மறுபிறவி.

ஒவ்வொரு முறை ஒலிப்பதிவுக்குப் போகும்போதும் இப்படிப் புதிதாகச் சில 'பழைய' பாட்டுகள் வேண்டும். வீட்டுக் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துபோனது. ஏ.பி. பையைத் தூக்கிக்கொண்டு பாட்டுத் தேடிக் கிளம்பினார். அவருக்கு ஒரு பெரிய குறை: கேட்ட வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டை நினைவில் நிறுத்த முடியாது. இசைக்குறிப்பு எழுதவும் தெரியாது.

லெஸ்லி ரிடில் வருகிறார்

ரிடில் 1905இல் வட கரோலினாவின் பர்ன்ஸ்வில் ஊரில் பிறந்தவர். டென்னசியில், மேசஸ் ஸ்பிரிங்கிலிருந்து மாநில எல்லை தாண்டினால் வரும் கிங்ஸ்போர்ட்டில் வளர்ந்தார். 1927இல் சிமென்ட் ஆலையில் இயந்திரத்தில் சிக்கி வலது காலை முழங்காலோடு இழந்தார். படுத்திருந்த நாட்களில் கிட்டாரை எடுத்தார். ஒரு துப்பாக்கி விபத்தில் கைவிரல்கள் இரண்டு போயிருந்தன. மிச்ச விரல்களை வைத்து அவர் தனக்கென்று ஒரு வாசிப்பு முறையை அமைத்துக்கொண்டார்.

கிங்ஸ்போர்ட் அப்போது சாதாரண ஊர் இல்லை. பிற்காலத்தில் சன்னி டெர்ரியோடு சேர்ந்து உலகம் சுற்றிய ப்ளூஸ் (கறுப்பர்களிடம் உருவான, சோகம் தோய்ந்த பாட்டு வகை) கலைஞர் பிரவுனி மெகீ அங்கே வளர்ந்த பையன். ஸ்டீவ் டார்ட்டர், ஹாரி கே என்ற கறுப்பின இரட்டையரும் அந்த வட்டாரத்தவர்கள். ரிடில் இவர்களோடெல்லாம் வாசித்தார்.

1928 கடைசியில் ஏ.பி. கார்ட்டர் பாட்டுத் தேடிக் கிங்ஸ்போர்ட்டில் ஜான் ஹென்றி லயன்ஸ் என்ற கறுப்பின இசைக்காரரைப் பார்க்கப் போனார். அங்கே ரிடில் இருந்தார், ஒன்றிரண்டு பாட்டு வாசித்துக் காட்டினார். ஏ.பி. அப்போதே, அந்த இடத்திலேயே, தன்னோடு வீட்டுக்கு வரச் சொன்னார். ரிடில் போனார், சுமார் ஒரு வாரம் தங்கினார். அப்புறம் போக்குவரத்து வருடக்கணக்கில் நீண்டது. 1930களின் நடுப்பகுதிவரை ரிடிலின் காலம் கிங்ஸ்போர்ட்டுக்கும் மேசஸ் ஸ்பிரிங்குக்கும் இடையே ஓடியது.

இந்த ஒரு வாரம் எவ்வளவு அசாதாரணம் என்று புரிய, அந்த ஊரின் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஜிம் க்ரோ என்று மொத்தமாக அழைக்கப்பட்ட இனப்பிரிப்புச் சட்டங்களின் உச்சகாலம் அது. பொது நிகழ்ச்சிகளில் கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியே உட்கார வேண்டும் என்று வர்ஜீனியா 1926இல் சட்டமே போட்டிருந்தது. பள்ளிக்கூடங்களில் கார்ட்டர்கள் நடத்திய கச்சேரிகளின் சுவரொட்டியில் 'நிகழ்ச்சி ஒழுக்கமானது' என்று அச்சடித்திருப்பார்கள்; டிக்கெட் 15 சென்ட், 25 சென்ட். அந்த மேடையில் கார்ட்டர்களுக்குப் பக்கத்தில் ரிடில் நாற்காலி போட்டு உட்காருவதை நினைத்துப் பார்க்கவே முடியாது. வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், உட்கார்ந்தார்.

ஒரு பாட்டு கைமாறும் விதம்

ரிடிலின் கணக்குப்படி இருவரும் சேர்ந்து சுமார் 15 பயணங்கள் போனார்கள். யாரிடமோ ஒரு பாட்டு இருப்பதாகக் காதில் விழும். நெட்டையான, கை லேசாக நடுங்கும் வெள்ளைக்காரர் ஒருவரும், செயற்கைக்காலோடு கறுப்பர் ஒருவரும் அந்த வாசலில் போய் நிற்பார்கள். ஏ.பி.தான் பேச்சுக் கொடுப்பார். கிழவியோ சுரங்கத் தொழிலாளியோ பாடத் தொடங்கியதும் கையில் கிடைத்த காகிதத்தில் வரிகளைக் கிறுக்குவார். ரிடில் எதையும் எழுதமாட்டார். கேட்பார், அவ்வளவுதான். வீடு திரும்பியதும் அவர் மெட்டை வாசித்துக் காட்ட, சாராவும் மேபெல்லும் பிடித்துக்கொள்வார்கள். பிற்காலத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது, ஏ.பி.க்கு நான்தான் டேப் ரெக்கார்டர் என்றார் ரிடில்.

அந்த வாக்கியத்தை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு கடந்துவிடக் கூடாது. டேப் ரெக்கார்டர் கேட்டதை அப்படியே திருப்பித் தரும். கிட்டாரில் வாசிக்கும் மனிதர் அப்படித் தருவதில்லை. தன் விரல் எங்கே போகுமோ அங்கே மெட்டைக் கொண்டுபோவார், தன் தாளத்தில் நிறுத்துவார். கறுப்பின சர்ச்சுகளின் பாட்டும் ப்ளூஸும் கார்ட்டர்களுக்குக் கிடைத்ததிலும் ரிடிலுக்குப் பெரும் பங்கு உண்டு. 'கேனன் பால் ப்ளூஸ்', 'லெட் த சர்ச் ரோல் ஆன்', 'பேர் க்ரீக் ப்ளூஸ்', 'ஐ நோ வாட் இட் மீன்ஸ் டு பி லோன்சம்' எல்லாம் அவர் இயற்றியோ கொண்டுவந்தோ கார்ட்டர்களிடம் சேர்ந்தவை.

மேபெல்லின் விரல்களில் எவ்வளவு ரிடில்?

இங்கே ஒரு பரவலான தகவலைத் திருத்த வேண்டும். 'கார்ட்டர் ஸ்க்ராட்ச்' என்ற புகழ்பெற்ற கிட்டார் முறையை மேபெல்லுக்குக் கற்றுக்கொடுத்ததே ரிடில்தான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். தேதிகள் ஒத்துவரவில்லை.

கார்ட்டர் ஸ்க்ராட்ச் என்பது இதுதான்: கட்டைவிரல் மேலே இருக்கும் தடித்த தந்திகளில் மெட்டை வாசிக்கும், ஆள்காட்டி விரல் கீழே மெல்லிய தந்திகளை மேலும் கீழுமாகத் தடவித் தாளம் போடும். ஒரே கிட்டாரில் பாட்டும் பக்கவாத்தியமும் கிடைத்துவிடும். இது 1927 பிரிஸ்டல் பதிவுகளிலேயே கேட்கிறது. 1928 மே மாதம் பதிவான 'வைல்ட்வுட் ஃபிளவர்' இதன் உச்சம். ரிடில் அறிமுகமானது அதற்குப் பிறகு.

ரிடிலிடமிருந்து மேபெல் கற்றது வேறொன்று, அதை அவரே சொல்லியிருக்கிறார். 1930இல் பதிவான 'கேனன் பால் ப்ளூஸ்' பாட்டைக் கேட்டால் காதுக்கே தெரியும். அங்கே வேலை தலைகீழ். கட்டைவிரல் தடித்த தந்திகளில் விடாமல் நடைபோட, மெட்டு மெல்லிய தந்திகளில் ஆள்காட்டி விரலால் எழும்புகிறது. தென்கிழக்கு மாநிலங்களின் கறுப்பின ப்ளூஸ் கலைஞர்களிடம் இருந்த முறை அது. மேபெல் அதை அப்படியே நகல் எடுக்கவில்லை. 275 டாலர் கொடுத்து வாங்கியிருந்த தன் கிப்சன் எல்-5 கிட்டாரில் தனக்கேற்ற மாதிரி மாற்றிக்கொண்டார். அந்தக் கிட்டார் இன்று நாஷ்வில்லில் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஸ்க்ராட்ச் ரிடிலுடையது என்று மிகைப்படுத்துவதால் அவருக்கு எந்த நன்மையும் இல்லை. தேதி பார்ப்பவர் ஒருவர் வந்தால் அந்த வாதம் விழும். கூடவே உண்மையான பங்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அதே குடும்பம், இருபது வருடம் கழித்து

சாராவும் ஏ.பி.யும் பிரிந்தார்கள். 1943க்குப் பிறகு பழைய மூவர் குழு கலைந்தது. மேபெல் தன் மகள்கள் ஹெலன், ஜூன், அனிட்டாவோடு புதுக்குழு தொடங்கினார். நிர்வாகம் எஸ்ரா.

1949இல் டென்னசியின் நாக்ஸ்வில் வானொலியில் வேலை நிலைக்காமல் தவித்துக்கொண்டிருந்த ஓர் இளம் கிட்டார்க்காரரை எஸ்ரா கூப்பிட்டார். அவர்தான் செட் அட்கின்ஸ். கூச்ச சுபாவம், ஆனால் விரல்கள் அபாரம். குடும்பம் அவருக்குச் சம்பளம் பேசவில்லை. வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு என்றது. மேபெல், மூன்று மகள்கள், எஸ்ரா, அட்கின்ஸ் என்று ஆறு பேர், சமபங்கு.

அடுத்து நடந்தது இன்னும் பெரிது. நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி, அன்றைய கன்ட்ரியின் மிகப்பெரிய வானொலி மேடை, கார்ட்டர் பெண்களை அழைத்தது. அட்கின்ஸ் வேண்டாம் என்றது. ஊரில் ஏற்கெனவே இருந்த கிட்டார்க்காரர்களுக்குத் தங்கள் பிழைப்புப் போய்விடுமோ என்ற பயம். அவர் இல்லாமல் நாங்களும் வரமாட்டோம் என்று எஸ்ரா சொல்லிவிட்டார். 1950இல் ஆப்ரி இறங்கி வந்தது. பயந்தவர்கள் பயந்தது சரிதான்: அட்கின்ஸ் பிறகு ஆர்சிஏ நிறுவனத்தின் தயாரிப்பாளராகி, நாஷ்வில் ஒலி என்ற பாணியை வடிவமைத்தவர்களில் ஒருவராகி, 1973இல் கன்ட்ரி இசைப் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். மேபெல் குடும்பத்தோடு இருந்த பாசம் கடைசிவரை குறையவில்லை.

ரிடிலுக்கும் அட்கின்ஸுக்கும் குடும்பம் காட்டிய அன்பில் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஏ.பி. ரிடிலை வீட்டில் தங்கவைத்தது, அன்றைய வர்ஜீனியாவில், ஆப்ரிக்கு நிபந்தனை போட்டதைவிடத் துணிச்சலான செயல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அட்கின்ஸுக்காக ஆப்ரியிடம் பேரம் பேச முடிந்தது. ரிடிலுக்காகப் பேரம் பேச மேஜையே கிடையாது. ஆப்ரியின் தொடக்ககால நட்சத்திரங்களில் ஒருவரான டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின ஹார்மோனிகாக்காரரையே 1941இல் வெளியே அனுப்பிவிட்டிருந்தார்கள். அவருக்குப் புகழ்மன்ற இடம் கிடைத்தது 2005இல். அவர் இறந்து இருபது வருடத்துக்கும் மேலாகியிருந்தது.

அப்படியானால் இது திருட்டா?

ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்வதற்கில்லை. மூன்று கணக்குகள் கலந்து கிடக்கின்றன.

1. வாய்வழி மரபின் கணக்கு. பாட்டு கைமாறுவது அங்கே இயல்பு. ரிடிலே தன் பாட்டுகளில் பலவற்றை வேறு யாரிடமோ கேட்டவர்தான். இந்தக் கணக்கில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

2. பதிவேட்டின் கணக்கு. சட்டத்துக்கு 'இயற்றியவர்' என்ற ஒரே கட்டம்தான் தெரியும். நினைவில் சுமந்து வந்தவர், மெட்டைத் திருத்தியவர், கிட்டாருக்கு ஏற்ப அமைத்தவர் என்றெல்லாம் கட்டம் கிடையாது. பெரும்பாலான பாடல்களில் அந்தக் கட்டத்தில் விழுந்தது ஏ.பி. கார்ட்டர் என்ற பெயர். பாடிய சாராவின் பெயரும் வாசித்த மேபெல்லின் பெயரும்கூடப் பல பாடல்களில் அங்கே இல்லை. மலையில் பாட்டுக் கொடுத்த வெள்ளைக் கிழவிகளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே இது ரிடிலுக்கு மட்டும் நேர்ந்த அநியாயம் இல்லை.

3. மேடையின் கணக்கு. ரிடிலின் நிலை மற்றவர்களிடமிருந்து பிரிவது இங்கேதான். சாராவும் மேபெல்லும் பதிவேட்டில் இல்லாவிட்டாலும் தட்டில் குரலாகவும் கச்சேரியில் ஆளாகவும் இருந்தார்கள், காசும் வந்தது. அட்கின்ஸின் ஆறில் ஒரு பங்கும் மேடையிலிருந்தும் வானொலியிலிருந்தும் வந்ததுதான். அதற்குப் பதிவேடு தேவையில்லை, மேடையில் நிற்க முடிந்தால் போதும். ரிடிலுக்கு இரண்டுமே இல்லை. கறுப்பர்களுக்கு ஒலிப்பதிவுக் கதவு முழுதாகச் சாத்தியிருந்தது என்றும் சொல்ல முடியாது. டார்ட்டரும் கேயும் 1928 நவம்பரில் அதே பிரிஸ்டலில் விக்டருக்காகவே பதிவு செய்தார்கள். ஆனால் அது 'ரேஸ்' பெட்டி. ஒரு கறுப்பர் கார்ட்டர் குடும்பத்தோடு சேர்ந்து, பெயரோடு, ஒரே தட்டில் வருவதற்கு விற்பனைப் பட்டியலில் இடம் கிடையாது.

ஏ.பி. நினைத்திருந்தால் சில பாடல்களிலாவது ரிடிலின் பெயரைப் பதிவேட்டில் போட்டிருக்கலாம் என்பது என் கருத்து. அதற்கு மேடையும் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். காலத்தின் வழக்கம் அதுதான் என்று சொல்லி அவரை முழுக்க விடுவித்துவிட முடியாது. வீட்டுக்குள் சமமாக நடத்தியவருக்கு, வீட்டுக்கு வெளியே ஒரு காகிதத்தில் பெயர் எழுதத் தோன்றவில்லை. கார்ட்டர் பாட்டுகளை அடுத்த தலைமுறைப் பாடகர்கள் எடுத்துப் பாடப் பாட, அந்த ஒரு காகிதத்தின் மதிப்பும் கூடிக்கொண்டே போனது.

ரோசெஸ்டரில் ஒரு தேடல்

1937இல் ரிடிலுக்குத் திருமணம் ஆனது. கார்ட்டர்கள் மெக்சிகோ எல்லையின் பெரிய வானொலி நிலையத்துக்குப் பாடப் போனார்கள். 1942இல் ரிடில் வடக்கே நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1945இல் கிட்டாரை விற்றுவிட்டார். இருபது வருடம் வாசிக்கவில்லை.

1960களில் அமெரிக்காவில் பழைய நாட்டுப்பாடல்களுக்கு மறுபடி மவுசு வந்தது. இசைக்கலைஞரும் சேகரிப்பாளருமான மைக் சீகர், கார்ட்டர் முறையை ஆராய மேபெல்லிடம் பேசினார். எங்கே கற்றீர்கள் என்ற கேள்விக்கு மேபெல் லெஸ்லி ரிடில் என்ற பெயரைச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு போன சீகர் 1965இல் ரோசெஸ்டரில் அவரைக் கண்டுபிடித்தார். மறுபடி வாசிக்கத் தூண்டி, 1978 வரை பதிமூன்று வருடம் விட்டுவிட்டு ஒலிப்பதிவு செய்தார். ரிடில் சில பெரிய நாட்டுப்பாடல் விழாக்களிலும் வாசித்தார். அந்தப் பதிவுகள் ரவுண்டர் நிறுவனத்தின் வழியாக 'ஸ்டெப் பை ஸ்டெப்' என்ற ஆல்பமாக வந்தது 1993இல். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

ரிடில் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, மேபெல் அந்தப் பெயரை மறக்காமல் சொன்னதால் தெரிந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகும் அவர் நினைவில் இருந்தது அந்த நட்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சான்று. ஒரு பெண்ணின் ஞாபகசக்தியை நம்பி ஒரு கலைஞரின் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இனி சட்டப்படி என்ன?

2018இல் அமெரிக்கா கொண்டுவந்த இசை நவீனமயச் சட்டப்படி, 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு வெளியான வருடத்திலிருந்து 100 வருடப் பாதுகாப்பு. கணக்குப் போட்டால், 1927இல் வெளியான கார்ட்டர் தட்டுகள் 2028 ஜனவரி 1ஆம் தேதி பொதுவுடைமையாகும். 1930இல் வெளியானவை 2031 ஜனவரி 1ஆம் தேதி. இது ஒலிப்பதிவுக்கான கணக்கு மட்டும். வரிக்கும் மெட்டுக்குமான உரிமை தனி, அதன் தேதி பாட்டுக்குப் பாட்டு மாறும்.

அந்தத் தேதிக்குப் பிறகு பழைய பதிவுகளைப் பலர் மறுபடி வெளியிடுவார்கள். தட்டின் நடுவில் அச்சானபடி ஏ.பி. கார்ட்டர் என்று மட்டும் போட்டு வெளியிடலாம். பக்கத்தில் லெஸ்லி ரிடில் என்று சேர்த்தும் வெளியிடலாம். சேர்க்கச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, தடுக்கவும் இல்லை.